குழாய்க்கு வரும் வரை...



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று சங்கச் செயலாளர் மூன்று வாரமாக என்னை விரட்டினார். கவிதை வேண்டாமாம். காதல் தோல்விக் கவிதைகள் மட்டும் 11 வந்து விட்டனவாம். எனக்குக் கவிதையும் வராது, தோற்பதற்குக் காதலும் இல்லை. தெரிந்ததைப் பற்றி எழுதுகிறேன். தண்ணீர்.

சனிக்கிழமை இரவு நான் ஹாஸ்டலில் இருப்பதில்லை என்பது ரூம்மேட்டுகளுக்குத் தெரியும். செகண்ட் ஷோ போகிறேன் என்று ஒரு வதந்தி உண்டு. உண்மையில் நான் போவது எங்கள் ஊர் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. இரண்டாம் ஆண்டு லீவில் 15 நாள் இன்பிளான்ட் டிரெயினிங் என்று உள்ளே போனேன். காண்டிராக்டரிடம் ஆள் பற்றாக்குறை. "சனிக்கிழமை ராத்திரி மட்டும் வந்துட்டுப் போறியா தம்பி?" என்று ஆபரேட்டர் அண்ணன் கேட்டார். ஒட்டிக் கொண்டேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உதவி ஆபரேட்டர். ஒரு ஷிப்டுக்கு 400 ரூபாய். மெஸ் பில்லில் பாதி அதில் தீர்ந்து விடுகிறது.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் காண்டிராக்ட் ஆட்கள். என் பேனாவால் யார் சோற்றிலும் மண் விழ வேண்டாம். பவானி ஆற்றங்கரை, அணைக்குக் கீழே என்று தெரிந்தால் போதும்.

என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா மஞ்சள் மண்டியில் வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள். "இன்ஜினியருக்குப் படிக்கிறான்" என்று அம்மா வீதியெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். டிப்ளமோ வேறு, பி.இ. வேறு என்று விளக்கப் போய், அதற்கு அப்பா கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் விட்டு விட்டேன். இந்தச் சனிக்கிழமை வேலையை வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கெவுர்மெண்டு வேலைங்களா அது?" மகனிடமே 'ங்க' போட்டுப் பேச ஆரம்பித்து விட்டார். படிப்புக்குக் கொடுக்கிற மரியாதையாம்!

சிவில் நண்பர்களே, என்விரான்மென்டல் இன்ஜினியரிங் பேப்பரில் நாம் எல்லோரும் ஒரு படம் போடுகிறோம். ஆறு, இன்டேக் கிணறு, ஏரேட்டர், பிளாஷ் மிக்சர், கிளாரிபிளாகுலேட்டர், பில்டர், குளோரின், சம்ப், மேல்நிலைத் தொட்டி. கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறி இழுத்தால் 10 மார்க். நானும் அப்படித்தான் போட்டேன், அழகாக ஸ்கேல் வைத்து. அந்த அம்புக்குறிகளுக்கு நடுவில் ஒரு மனிதன் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு நடக்கிறான் என்பது எந்தப் படத்திலும் இல்லை.

எங்கள் ஆபரேட்டர் அண்ணனுக்கு 50 வயதுக்கு மேல். ஐ.டி.ஐ. பிட்டர். 20 வருஷத்துக்கு மேலாக அதே பிளான்ட். காண்டிராக்டர்கள் மாறுவார்கள், இவர் மாறுவதில்லை. மருத மரத்தடியில் இருக்கும் அளவுகோலைப் பார்க்காமலே ஆற்றின் சத்தத்தை வைத்து "அரை அடி ஏறியிருக்குது" என்பார். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முதல் நாள் என்னிடம், "தம்பி, பம்பை ஓட்டறது வேலையில்லை. அதைக் கரண்ட் ஓட்டும். தண்ணியைப் படிக்கோணும், அதான் வேலை" என்றார்.

தண்ணீரைப் படிப்பதற்கு முதல் பாடம் ஜார் டெஸ்ட்.

ஆற்றுத் தண்ணீரில் இருக்கும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் ஒன்றை ஒன்று தள்ளிக் கொண்டே மிதக்கும். நாள் கணக்கில் வைத்தாலும் அடியில் படியாது. ஆலம் போட்டால் அந்த மின்னூட்டம் அடங்குகிறது. துகள்கள் ஒட்டிக் கொண்டு பஞ்சு பஞ்சாகத் திரண்டு கனமாகி இறங்குகின்றன. புத்தகத்தில் 'பிளாக்' என்று இருப்பதை அண்ணன் 'பஞ்சு' என்றுதான் சொல்வார். எவ்வளவு ஆலம் என்பதில்தான் சூட்சுமம். குறைத்துப் போட்டால் பஞ்சு திரளாது. கூட்டிப் போட்டாலும் கெட்டுப் போகும். தண்ணீரின் காரத்தன்மை குறைந்து அமிலப் பக்கம் சாயும், ஆலமும் வீண். ஒரு மில்லிகிராம் ஆலம் ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்று விடும். அதற்குத்தான் சில நாட்களில் சுண்ணாம்பும் சேர்க்கிறார்கள்.

ஆறு ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீர். முதல் ஜாடியில் 10 மில்லிகிராம், அடுத்ததில் 20, இப்படி 60 வரை. ஒரு நிமிஷம் வேகமாகக் கலக்க வேண்டும். பிறகு 20 நிமிஷம் மெதுவாக. பிறகு நிறுத்தி விட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த அரை மணி நேரம்தான் எனக்குப் பிடித்தது. நாலாவது ஜாடியில் மழைத் தூறல் மாதிரி பஞ்சு இறங்குவதும், முதல் ஜாடி டீ மாதிரி அப்படியே நிற்பதும், ஆறாவதில் பஞ்சு பிய்ந்து பிய்ந்து அலைவதும்... டி.வி. பார்ப்பதை விட நன்றாக இருக்கும்! எந்த ஜாடி தெளிகிறதோ அந்தக் கணக்குதான் அன்றைய ஆலம் அளவு. எங்கள் பிளான்ட் நாளைக்கு 60 லட்சம் லிட்டர். 20 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 120 கிலோ ஆலம் கரைக்க வேண்டும். கட்டியை உடைப்பது என் வேலை. கைக்கு ஜிம் தேவையில்லை.

பில்டரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நோட்ஸில் எல்லாம் இருக்கிறது. முக்கால் மீட்டர் மணல், அடியில் சரளை. மணல் அடைத்துக் கொண்டால் கீழிருந்து காற்றும் தண்ணீரும் அடித்து அலசுகிறோம், அதுதான் பேக்வாஷ். அலசும்போது மணல் முழுவதும் கொதிக்கிற பொங்கல் மாதிரி எழும்பும். அதைப் பார்க்கவே ஒருமுறை வரலாம். ஆனால் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து 8,600 பேர் வரை இறந்தார்கள். பக்கத்திலேயே ஒட்டியிருந்த ஆல்டோனா நகரமும் அதே எல்ப் ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வருகிற தண்ணீர்! ஆனாலும் ஆல்டோனா பெரும்பாலும் தப்பித்தது. காரணம், அவர்கள் மணலில் வடிகட்டினார்கள், ஹாம்பர்க் வடிகட்டவில்லை. இடையில் இருந்தது மணல்தான்.

அடுத்தது குளோரின். இதற்கு நான் பயப்படுகிறேன் என்பதை மறைக்கவில்லை. 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே போர்க்களத்தில் திறந்து விடப்பட்ட அதே வாயுதான் எங்கள் பிளான்ட்டில் 100 கிலோ சிலிண்டரில் நிற்கிறது. காற்றை விட இரண்டரை மடங்கு கனம். கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். குனியக் கூடாது, பள்ளத்தில் ஒளியக் கூடாது. காற்று வரும் திசையைப் பார்த்து மேட்டுக்கு ஓட வேண்டும். கசிகிற சிலிண்டர் மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது, ஓட்டை இன்னும் பெரிதாகும். கசிவைக் கண்டுபிடிக்க அம்மோனியா பாட்டிலைத் திறந்து பக்கத்தில் காட்டுவோம். கசிவு இருந்தால் வெள்ளைப் புகை வரும். முதல் தடவை அண்ணன் என் கையில் பாட்டிலைக் கொடுத்தபோது கை நடுங்கியது. "நடுங்கட்டும். நடுங்காதவனை நான் இந்த ரூமுக்குள்ள விடறதில்லை" என்றார்.

இந்த விஷத்தைத்தான் மில்லிகிராம் கணக்கில் தண்ணீரில் போடுகிறோம். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குப் போகிற தண்ணீரில் தொடர்ச்சியாகக் குளோரின் கலக்க ஆரம்பித்தபோது வழக்கே நடந்தது. இன்று கணக்கு எளிது. குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் 10500. எதற்கு மிச்சம்? எல்லாக் கிருமியையும் பிளான்ட்டிலேயே கொன்று விட்டால் போதாதா? நான் கேட்டேன். அண்ணன் சொன்ன பதிலை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

"உங்க ஊட்ல பந்தி நடக்குது. சட்டி காலியாயிட்டா என்ன அர்த்தம்? கடைசியா உக்காந்தவன் சாப்பிட்டானா இல்லையான்னு தெரியாது. சட்டியில ஒரு கை சோறு மீதி இருந்தாத்தான் எல்லாரும் சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம். பொறவு வர்ற ஒறம்பரைக்கும் ஆச்சு."

பின்னால் வருகிற அந்த ஒறம்பரைதான் முக்கியம். நம் ஊர்களில் 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருவதில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை, நாலு நாளைக்கு ஒரு முறை. மற்ற நேரங்களில் குழாய் காலி. காலிக் குழாயில் எங்காவது விரிசல் இருந்து, பக்கத்தில் சாக்கடை ஓடினால், அது உள்ளே புகுந்து விடும். அந்த அழையாத விருந்தாளியைச் சமாளிக்கத்தான் 0.2.

முன்பு ஆர்த்தோடாலிடின் என்ற திரவத்தை விட்டுப் பார்ப்பார்கள், மஞ்சளாக மாறும். அது புற்றுநோய் வரவழைக்கலாம் என்று சந்தேகம் எழுந்த பிறகு டி.பி.டி. மாத்திரைக்கு மாறினார்கள். இதில் ரோஸ் நிறம் வரும். ரோஸ் எவ்வளவு அழுத்தமோ, குளோரின் அவ்வளவு. மணிக்கு ஒரு தடவை பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்.

இந்த வாசனைக்கு முதல் எதிரி என் வீட்டிலேயே இருக்கிறார். என் ஆத்தா. "மருந்துத் தண்ணி, வாயில வெக்க முடியல" என்று குடத்தைத் திறந்து ராத்திரி முழுக்க வாசலில் வைத்து விடுவார். வாடையும் போய் விடும், குளோரினும் போய் விடும். ஆத்தாவுக்கு என் அப்பாவுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, நாலு வயதில் கக்கல் கழிச்சலில் ஒரே ராத்திரியில் போய் விட்டதாம். எனக்கு அத்தை முறை. ஆற்று ஊற்றுத் தண்ணீர்தான் அப்போது எல்லோருக்கும். அந்த அத்தைக்குப் போட்டோ கிடையாது. ஆத்தா இதை எப்போதாவதுதான் சொல்வார், அதுவும் வேறு பேச்சுக்கு நடுவில்.

இனி போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு நடந்ததைச் சொல்கிறேன்.

அணையிலிருந்து வருகிற தண்ணீர் பொதுவாகத் தெளிவாகத்தான் இருக்கும். மண்ணெல்லாம் அணையிலேயே படிந்து விடும். தொல்லை கொடுப்பவை அணைக்குக் கீழே ஆற்றில் சேரும் ஓடைகள். அன்று சாயங்காலம் முழுக்க மழை. இரவு 11 மணிக்குக் கலங்கல் 18 என்.டி.யு. ஒரு மணிக்கு 340! ஆறு செம்மண் குழம்பாக வந்தது. (குடிக்கும்போது 1 இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 5 வரை.) அண்ணன் முதல் காரியமாக உள்ளே வருகிற தண்ணீரைப் பாதியாகக் குறைத்தார். ஜாடிகளை எடுத்து வைத்தோம். ஜார் டெஸ்ட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகுமே, அதுவரை என்ன செய்வது? "போன ஐப்பசியில 55 போட்டோம், அதை வெச்சு ஓட்டு" என்று பழைய நோட்டைப் பார்த்துச் சொன்னார். டெஸ்ட் முடிந்தபோது 60 என்று வந்தது!

இந்த நேரம் பார்த்து குளோரின் மீட்டரில் மிதவை இறங்க ஆரம்பித்தது. சிலிண்டர் தீருகிறது. ஸ்பேர் சிலிண்டர் கேட்டு 10 நாளாக ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறார், வரவில்லை. மிச்சம் இருந்தது பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், ஈரம் பட்டுக் கட்டி தட்டியவை. புதுப் பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கும். நாளாக ஆக, ஈரம் பட பட, குறைந்து கொண்டே போகும்.

கணக்குப் பிரியர்களுக்காக: முழு ஓட்டத்தில் எங்கள் பிளான்ட் மணிக்கு இரண்டரை லட்சம் லிட்டர். கலங்கல் தண்ணீர் குளோரினை அதிகம் விழுங்கும், லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று வைத்தால் மணிக்கு ஒரு கிலோ குளோரின். பாதி ஓட்டத்துக்கு அரை கிலோ. புதுப் பவுடர் என்றால் ஒன்றரை கிலோவில் முடிந்து விடும். எங்கள் பவுடரின் சத்து எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆகவே போட்டுப் போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக் கொண்டு தொட்டியில் கரைத்துக் கலக்கினேன். கண் எரிந்தது. அண்ணன் அரை மணிக்கு ஒரு தடவை மாத்திரை போட்டுப் பார்த்தார்.

2.30 மணிக்கு 0.0. நிறமே இல்லை. 3 மணிக்கு 0.1. 3.30-க்கும் 0.1.

மேல்நிலைத் தொட்டிக்கு பம்ப் போட வேண்டிய நேரம் தாண்டி விட்டது. 5 மணிக்கு ஊருக்குத் தண்ணீர் திறக்க வேண்டும். நாலு நாள் கழித்து வருகிற முறைத் தண்ணீர். அதுவும் எங்கள் வீதி உள்ள வார்டுக்கு. காண்டிராக்டரின் சூப்பர்வைசர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஏம்ப்பா, பம்ப் இன்னும் போடலியா? காலையில கவுன்சிலர் என்னைப் பிச்சிடுவாரு."

"ரெசிடுவல் நிக்கல சார்."

"0.5-ன்னு எழுதிட்டுப் போடு. தினமும் எழுதறதுதானே?"

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதறதுன்னா நீங்க வந்து எழுதுங்க சார். பேனா இங்கதான் இருக்குது" என்றார்.

அந்தப் பக்கம் கெட்ட வார்த்தை. அதை மலரில் அச்சிட மாட்டார்கள்.

போனை வைத்து விட்டு அவர் ரிஜிஸ்டரை எடுத்து, நேரம் போட்டு, 0.0, 0.1, 0.1 என்று எழுதினார். பில்டரிலிருந்து வருகிற தண்ணீரின் கலங்கல் 4 என்று அதையும் எழுதினார். 'ஸ்பேர் சிலிண்டர் இல்லை. பிளீச்சிங் பவுடர் பழையது. பம்ப் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அவர் ஷிப்டில் 0.4, 0.6, 0.5, 0.3 என்று கலந்து கலந்து இருக்கும். மற்ற ஷிப்டுகளில் மேலிருந்து கீழ் வரை 0.5, 0.5, 0.5... மணி கோத்த மாதிரி! ஆறு அப்படி ஒரே மாதிரி ஓடுவதில்லை, தோழர்களே.

பவுடரைக் கூட்டிக் கொண்டே போனோம். 5 மணிக்கு 0.2. சம்ப்பில் 0.2 இருந்தால் கடைக்கோடிக் குழாய்க்குப் போவதற்குள் ஒன்றும் இருக்காது. 6.40-க்கு மாத்திரை நல்ல ரோஸ் காட்டியது: 0.6. அதற்குப் பிறகுதான் பம்ப் போட்டார். ஷிப்ட் முடிந்திருந்தும் நான் போகவில்லை. டெஸ்ட் பெட்டியை சைக்கிளில் கட்டிக் கொண்டு கடைக்கோடிக் குழாய்க்குப் போகச் சொன்னார். கடைக்கோடிக் குழாய் எது என்கிறீர்கள்? எங்கள் வீதிக் குழாய்.

9.30 மணிக்கு அங்கே போனால் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. வரிசையில் என் அம்மா. மண்டிக்குப் போக முடியாமல் ஒரு நாள் கூலி போய் விட்டது. அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்து, "ஏண்டா, நீயே உள்ள இருந்துட்டு உன்ற வீதிக்கே தண்ணி உடலையாடா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா, "படிச்ச பையன் பார்த்த லட்சணம்" என்றார். பதில் பேசாமல் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மாத்திரை போட்டேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மெல்லிய ரோஸ். 0.2.

வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பந்திச் சோறு கணக்கைச் சொன்னேன். கேட்டுக் கொண்டே இருந்தவர், குடத்தை முகர்ந்து பார்த்து, "அன்னிக்கு இந்த நாத்தம் எங்க போச்சு?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. (குடத்தை இன்னமும் திறந்துதான் வைக்கிறார். அதையும் சொல்லி விட வேண்டும்.)

அன்று அப்படியே பம்ப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றுமே ஆகாமலும் போயிருக்கலாம். இதுதான் இந்த வேலையில் கொடுமை. கட்டடம் விழாமல் நின்றால் கண்ணுக்குத் தெரிகிறது, இது நாங்கள் கட்டியது என்று காட்டலாம். வராத வயிற்றுப்போக்கை யாரிடம் காட்டுவது?

செமினாருக்காகத் தேடியபோது கனடா நாட்டின் வாக்கர்டன் என்ற ஊரைப் பற்றிப் படித்தேன். 5,000 பேர் கூட இல்லாத சின்ன ஊர். 2000 மே மாதம் பெருமழை. மாட்டு எருவின் கிருமிகள் ஆழமில்லாத ஒரு கிணற்றில் இறங்கின. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அதற்கு அமைக்கப்பட்ட விசாரணையில் தெரிந்தது: அங்கே தண்ணீர் வேலை பார்த்த இருவர், அண்ணன் தம்பிகள், குளோரினை அளக்காமலே ரிஜிஸ்டரில் 0.5, 0.75 என்று வருஷக் கணக்கில் எழுதி வந்திருக்கிறார்கள். முறையான படிப்பு கிடையாது, அனுபவத்தை வைத்துச் சான்றிதழ். அவர்கள் கெட்டவர்கள் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்த எனக்கு, அடுத்த விஷயம்தான் தூக்கிப் போட்டது. அவர்களும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் இல்லாமலே நம்பிக் குடித்தவர்கள். ஊர்க்காரர்கள் குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று அவர்களிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். எங்கள் ஆத்தா மாதிரி! அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மணி கோத்த மாதிரி 0.5, 0.5, 0.5 என்று அந்த ரிஜிஸ்டர் கண்ணுக்குள் நின்றது.

எங்கள் அண்ணனுக்கு என்ன நடந்தது? மறுநாளே "10 நாளைக்கு வர வேண்டாம்" என்று காண்டிராக்டர் சொல்லி விட்டார். பத்து நாள் சம்பளம் போயிற்று. அவர் மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. ஆனால் அந்த வாரமே இன்னொரு மழை வந்து ஆறு மறுபடி சிவந்தது. ஜார் டெஸ்ட் பார்க்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆறாம் நாள் பைக் அனுப்பி அழைத்து வந்தார்கள். மாலை மரியாதை எதுவும் கிடையாது, வந்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், ஜாடியைக் கழுவினார்.

சிலிண்டரும் வந்தது. நகராட்சியிலிருந்து வந்த இன்ஜினியர் ரிஜிஸ்டரைப் பார்த்து, "என்னய்யா இது 0.0?" என்று கேட்டார். அந்தப் பக்கத்துக் குறிப்பைப் படித்தார். ஒரே வாரத்தில் இரண்டு ஸ்பேர் சிலிண்டர்கள், புது பிளீச்சிங் பவுடர் எல்லாம் வந்து இறங்கின. அன்று 0.5 என்று எழுதியிருந்தால் எவர் அனுப்பியிருப்பார்? எல்லாம் நன்றாக இருக்கிற பிளான்ட்டுக்கு எதற்கு ஸ்பேர்?

நம் வகுப்பில் சிலர் என்னை 'வால்வு திருகி' என்று கூப்பிடுகிறார்கள். கோபம் இல்லை, கூப்பிடுங்கள். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்று பேசும்போது இந்த வேலையையும் ஒரு வேலையாக நினைத்துப் பாருங்கள். கெமிக்கல், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இருக்கிறது. சம்பளம் குறைவு, காண்டிராக்ட் முறை அதைவிட மோசம். அதை மறைத்து உங்களை இழுக்க விரும்பவில்லை. 60,000 பேர் குடிக்கிற தண்ணீரை வருஷா வருஷம் டெண்டர் விட்டு, குறைந்த தொகை கேட்டவனிடம் கொடுப்பது சரியா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சங்கத்தில் இதைப் பற்றி ஒரு கருத்தரங்கு வைக்கலாம். நான் பேசத் தயார்.

என் அப்பாவின் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் எப்போது ஆள் எடுத்தாலும் விண்ணப்பம் போடுவதாக இருக்கிறேன். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அம்மா கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, தண்ணீர் வருகிற நாளில் போன் செய்து, "இன்னிக்கு எத்தனைடா?" என்று கேட்கிறார். புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்ணைத்தான்!

பிளான்ட்டைப் பார்க்க ஆசைப்படும் தோழர்கள் என்னிடம் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டிப் போகிறேன். அண்ணனிடம் அனுமதி வாங்கி விட்டேன். மழைக்கு மறுநாள் வந்தால் ஜாடிகள் வேடிக்கையாக இருக்கும். குளோரின் ரூமுக்குள் செல்பி எடுக்கக் கூடாது. டீ செலவு உங்களுடையது.